'லைட்' என்று எழுதாத ஜெயராணி மிஸ்ஸி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, யட்டியாந்தோட்டை பஜாரில் மருந்துக் கடை வைத்திருக்கும் நசீர் நானா தொலைபேசியில் அழைத்தார். "கிளாக்கர் ஐயா, ஜெயராணி மிஸ்ஸி தவறிட்டாங்க. ருவான்வெல்லையில தங்கச்சி வீட்டுலதான். நாளைக்கு அடக்கம்" என்றார். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். பிறகு பஸ் நேரத்தைப் பார்த்தேன். வேறெதுவும் அப்போது தோன்றவில்லை.

எங்கள் இறப்பர் தோட்டத்தில் அவர் இருபத்திரண்டு வருடம் மருத்துவமாதுவாக இருந்தார். இதை வாசிக்கும் எங்கள் தோட்டத்து மக்களே, அவர் கையில் பிறந்த உங்களில் பலருக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் தோட்டத்து அலுவலகமான கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். கந்தோருக்கும் அவருடைய மருந்தறைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அங்கே பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தச் சுவர் வழியாக வந்தது.

வந்த புதிதில் மருந்தறை ஜன்னலுக்குத் திரைச்சீலை வேண்டும் என்றார். காற்று வரவேண்டும், வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியக்கூடாது. கொழும்பு அலுவலகத்துக்கு நான்தான் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். 'லைட்' ஆன திரைச்சீலை என்று கேட்டிருந்தேன். இரண்டு மாதம் கழித்து வெள்ளை நிறத்தில், கூடாரத் துணி மாதிரித் தடிப்பாக ஒரு மூட்டை வந்தது. "மெல்லிசாக் கேட்டா நெறத்தைப் பாத்து அனுப்பியிருக்காங்க" என்று மிஸ்ஸி சிரித்தார். என்னிடமிருந்த அகராதியைப் புரட்டிப் பார்த்தோம். பாரமில்லாதது, மெல்லியது, வெளிறிய நிறமுள்ளது, வெளிச்சமுள்ளது, வயிற்றுக்குச் சுலபமானது, எளிதில் கலையும் தூக்கம், கடினமில்லாத வேலை என்று அந்த ஒரு சொல்லுக்கு முழுப் பக்கம் இருந்தது. "ஒரு சொல்லுக்கு இவ்வளவு வேலையா? நம்ம ஆளுங்க பாடே தேவல" என்றார்.

லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் அந்தச் சொல்லை வேறு விதமாக வைத்திருந்தார்கள். "லைட்டா வயித்து வலி மிஸ்ஸி" என்று ஒருத்தி சொன்னது ஒரு நாள் சுவர் வழியே கேட்டது.

"லைட்டான்னா? நடக்க முடியுதா?"

"முடியுதுங்க. லைட்டா ரத்தமும் போகுது."

"எத்தன துணி மாத்தின?"

"காலையில இருந்து அஞ்சுங்க."

அரை மணித்தியாலத்தில் அவளைத் தோட்டத்து லொறியில் ஏற்றி மிஸ்ஸியும் கூடவே போனார். பிழைத்துக்கொண்டாள். மறுநாள் என்னிடம், "வேலைக்குப் போகலன்னா பேர் விழாது, அன்னைக்குச் சம்பளம் போயிரும்னு பயம். அதனால வலியக் கொறச்சுத்தான் சொல்லுவாங்க. கேக்கறவங்கதான் கூட்டிக்கணும்" என்றார்.

புஷ்பத்தின் கதை உங்களுக்குத் தெரியும். அதில் என் பங்கு எல்லோருக்கும் தெரியாது.

புஷ்பம் இறப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலாளி. ஆறு மாதக் கர்ப்பத்தில் உதிரம் பட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கிருந்த டொக்டர் துண்டில் 'லைட் வேலை மட்டும்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். துண்டு என்னிடம் வந்தது. அந்த வாரம் ஆள் குறைவு. தோட்டத்து மேனேஜரான அன்றைய தொரை அதைப் பார்த்துவிட்டு, "சரி, மரத்தில பால் வெட்ட வேணாம். பால் வாளி லைட்தானே, அது கொண்டு போகலாம்" என்றார். நான் மறுக்கவில்லை. காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பிரட்டில் அவள் பெயருக்கு நேரே பால் தூக்கும் வேலை என்று எழுதினேன். அன்று மிஸ்ஸி வேறு டிவிஷனில் தடுப்பூசி போடப் போயிருந்தார்.

நாலாம் நாள், இரண்டு கையிலும் வாளியோடு இறங்கும்போது பாசி படிந்த படியில் புஷ்பம் சறுக்கி விழுந்தாள். குழந்தை அன்று மாலையே பிறந்தது. பெண் குழந்தை. இரண்டு நாள் இருந்தது.

மிஸ்ஸி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மூன்று வாரம் பேசவும் இல்லை. பிறகு ஒரு காலை பால் ஸ்டோரிலிருந்து ஒரு வாளியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஆஸ்பத்திரிக் குழாயில் அதில் நீர் நிரப்பி, அந்த டொக்டரின் மேசைக்குப் பக்கத்தில் வைத்து, இதைத் தூக்கிப் பாருங்கள் என்று சிங்களத்தில் கேட்டாராம். டொக்டர் இளம் பெண். முதலில் கோபப்பட்டார், நான் சரியாகத்தானே எழுதினேன் என்றார். பிறகு எழுந்து தூக்கினார். மிஸ்ஸி அவரிடம், "இந்த மாதிரி ரெண்டு. மலையில ஒரு மைல்கட்டை தூரம். எங்க தோட்டத்துல இதுக்குப் பேரும் லைட்தான்" என்றாராம். டொக்டர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, துண்டு எழுதும் புத்தகத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டதாக மிஸ்ஸி சொன்னார்.

அன்றிலிருந்து அந்த டொக்டரின் துண்டுகள் நீளமாகின. பாரம் தூக்கக்கூடாது. மலை ஏறி இறங்கக்கூடாது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிற்கக்கூடாது. மூன்றும் சிங்களத்திலும் இருக்கும். கீழே மிஸ்ஸியின் கையெழுத்தில் தமிழிலும் இருக்கும். தொரைக்கு அது பிடிக்கவில்லை. "மிஸ்ஸி, ஒரு சொல்லில் முடியுறதை ஏன் இவ்வளவு இழுக்கிறது?" என்று கேட்டார். "ஒரு சொல்லா இருந்தா உங்களுக்கு வாசிக்கச் சுலபம் சேர், பாரத்த அவங்கதானே தூக்கறாங்க" என்று மிஸ்ஸி சொன்னார். தொரை துண்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். நான் அதன்படி வேலை எழுதினேன்.

அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் குழந்தைகள் சாகவேயில்லை என்று நான் எழுதினால் மிஸ்ஸி ஒத்துக்கொள்ள மாட்டார். செத்தன. ஆனால் அந்தக் காரணத்தால் இல்லை.

எல்லோரிடமும் இனிமையாகப் பேசுகிறவரில்லை அவர். பொய் சொன்ன கணவன்மார்களைப் பிள்ளைகளுக்கு முன்னாலேயே திட்டுவார். என் மனைவியின் சமையலில் உப்பு அதிகம் என்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே சொல்லியிருக்கிறார்.

கடைசியாக அவரைப் பார்த்தது இந்தப் பொங்கலுக்குப் பிறகு. தங்கச்சி வீட்டு முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "லைட்டா மெலிஞ்சிருக்கீங்க மிஸ்ஸி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"எட்டுக் கிலோ" என்றார். "ரெண்டு மாசத்துல." ஈரலில் கட்டி என்பதையும், அது எவ்வளவு பெரிது என்பதையும், டொக்டர் எத்தனை மாதம் சொன்னார் என்பதையும் வேறு யாருடைய கிளினிக் அட்டையையோ வாசிப்பதுபோலச் சொன்னார். பதினாலு வருடமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"புஷ்பம் விசயத்துல இன்னும் என் மேல கோவம் இருக்கா?"

"இருக்கு" என்றார். சற்று மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "நீங்க பொய் எழுதல ஐயா. அந்தச் சொல்லுக்குள்ள வாளி தூக்கறதையும் அடக்கலாம். ஆனா மத்த அர்த்தமெல்லாம் உங்களுக்குத் தெரியும். அன்னைக்கு தொரைக்கு வசதியானத எடுத்துக்கிட்டீங்க." பிறகு, "தேத்தண்ணி ஆறுது, குடிங்க" என்றார். குடித்தேன். மழை வரும்போல இருந்தது. என்னோடு வாசல்வரை வந்து, பஸ் எங்கே நிற்கும் என்று கையால் காட்டினார்.

அடக்கத்துக்குப் புஷ்பமும் வந்திருந்தாள். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மிஸ்ஸியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த 'இருக்கு' என்ற பதில்தான். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுகூட அவர் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. நானும் குறைக்காமல் வைத்திருக்கிறேன்.