ஏழு நிலா நாட்டைப் படைத்தவர்

கும்மிடிப்பூண்டியில் மின்ரயில் ஏறியதும் எதிரே உட்கார்ந்தவர் தொழிற்சாலைச் சீருடையில் இருந்தார். மடியில் தடித்த நோட்டு. மாயக்கதை எழுதப் போகிறாராம். அதற்காக ஏழு நிலாக்கள் உள்ள ஒரு நாட்டை ஒன்பது வருடமாக வரைந்துகொண்டிருக்கிறார். விரலில் எச்சில் தொட்டு, மலை, ஆறு, கோட்டை, மந்திரவாதிகளின் சட்டம் என்று பக்கம் பக்கமாகக் காட்டினார்.

“கதை எங்கே?” என்றேன்.

“அவசரப்படாதீங்க சார். மொதல்ல ஒலகம் ரெடியாவணும்.”

கடவுளே இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

நோட்டுக்காரருடைய கம்பெனியில் துப்புரவு வேலை செய்யும் அம்மா ஒருவர் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார். “இன்னா நைனா, இம்மாம் பெரிய கோட்ட கட்டிக்கீற. இத்த யாரு பெருக்குவா?”

“மந்திரத்துலயே சுத்தமாயிடும்மா.”

“அப்போ என்னிய மாதிரி ஆளுங்க அங்க இன்னா பண்ணுவோம்?”

அவர் நோட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். கவரைப்பேட்டை தாண்டியதும் புதுப் பக்கம் புரட்டி, “காலைல எத்தினி மணிக்கு எழுந்துப்பீங்க?” என்று அந்த அம்மாவிடமே கேட்டு எழுதத் தொடங்கினார். பொன்னேரியில் நான் இறங்கும்போதும் எழுதிக்கொண்டிருந்தார்.

நான் நாலு நாவல் எழுதியவன். அந்த அம்மா கேட்டது எனக்கு ஏன் தோன்றவில்லை என்பது இன்றுவரை விளங்கவில்லை.