தலை நனையாத ஷவர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். வரட்டும். அரியலூரில் சிமெண்ட் லாரிகளுக்கு லோடு புக்கிங் செய்யும் ஆபீசில் உட்கார்ந்து நாள் முழுக்க டிரைவர்களிடம் கத்துகிறவளுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்? ஆனால் கேவலம் ஒரு ஷவர் என்னை இப்படிக் கொதிக்க வைக்கும் என்று எனக்கே தெரியாது.

அம்மா பூலாம்பாடியில் தம்பி வீட்டில் இருக்கிறாள். தம்பிக்கு மலேசியாவில் வேலை. வீட்டில் அவன் மனைவியும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும்தான். போன வருஷம் அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து, வலது தோளுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. கட்டுப் போட்டுப் பிரித்து, எலும்பும் கூடிவிட்டது. ஆனால் அந்தக் கை மார்பு உயரத்துக்கு மேல் எழும்பவே இல்லை. சாப்பிட்டுக்கொள்வாள், மெதுவாகப் புடவை கட்டிக்கொள்வாள், கீரை ஆய்ந்து கொடுப்பாள். மக்கில் தண்ணீரை மொண்டு தோளில் ஊற்றிக்கொள்ள மட்டும் முடியாது. இடது கையால் ஊற்றினால் முன்பக்கம்தான் நனையும். முதுகு காய்ந்தே கிடக்கும்.

அதனால் தம்பி மனைவி ஊற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகளை வேனுக்கு அனுப்பிவிட்டு, அடுப்பையும் பார்த்துவிட்டு அவள் வருவதற்கு நேரமாகும். அம்மா பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, கதவைத் தாழ் போடாமல் உள்ளே காத்து நிற்பாள். பெற்ற மகள் என்னிடமே முதுகு தேய்த்துவிடச் சொல்லாத பெண்பிள்ளை அவள். ஒருநாள் போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"மத்ததெல்லாம் பொறுத்துக்கலாம் பாப்பா. குளிக்கறதுக்கு ஒருத்தர் கை வேண்டியிருக்குது பாரு, அதுதான் நாண்டுக்கிட்டு சாவலாம்போல இருக்கு."

அன்றைக்கே தம்பிக்குப் போன் போட்டேன். அம்மா உட்கார்ந்து குளிக்க ஒரு வழி செய் என்றேன். அவனும் உடனே, "பாத்ரூமையே இடிச்சிட்டுப் புதுசா கட்டிடலாங்க்கா. அம்மாவுக்கு இல்லாததா?" என்றான். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நல்ல பிள்ளை என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்பை அன்றோடு நிறுத்தியிருக்கலாம்.

சுவர், தரை வேலை முடிகிற சமயத்தில் ஷவர் வாங்குவதற்காக நானும் தம்பி மனைவியும் பெரம்பலூரில் ஒரு கடைக்குப் போனோம். தம்பி வீடியோ காலில் வந்தான். அதோடு எங்கள் இருவரையும் கடைக்காரர் மறந்துபோனார். போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, சாமிக்குத் தீபாராதனை காட்டுகிறவர்போல ஒவ்வொரு ஷவருக்கும் முன்னால் அதை ஏந்திக் காட்டினார். கடைசியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒன்று, கூரையிலிருந்து தொங்கியது. பின்னால் மோட்டார் வைத்திருந்ததால் அதிலிருந்து தண்ணீர் கொட்டோகொட்டென்று கொட்டியது.

"ரெயின் ஷவர் சார். மழையில நிக்கிற மாதிரியே இருக்கும்."

"அதான் அதான். அதையே போட்டுடுங்க" என்றான் தம்பி.

நான் போனுக்குள் தலையை நுழைத்தேன். கையில் பிடித்துக்கொள்கிற ஷவர் வேண்டும், ஓஸ் பைப்போடு வேண்டும், பக்கத்தில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி வேண்டும், ஒரு ஸ்டூல் போட இடம் வேண்டும் என்று சொன்னேன்.

"அதெல்லாம் போட்டா ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடும்ங்க மேடம்" என்றார் கடைக்காரர்.

"ஆமாக்கா. வூட்டுக்கு வர்றவங்க பாத்தா என்ன சொல்லுவாங்க?"

அவன் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். எங்கள் பக்கத்தில் புதுசாகக் கட்டிய வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் ஹாலோடு நிற்க மாட்டார்கள். பாத்ரூம் வரைக்கும் போய் டைல்ஸைத் தட்டிப் பார்த்து, குழாயைத் திறந்து மூடி, விலை விசாரித்துவிட்டுத்தான் காபி குடிப்பார்கள். யாரோ ஒருநாள் வந்து பார்க்கப்போகிறார்கள் என்பதற்காக, தினமும் குளிக்கிறவள் அவதிப்பட வேண்டும்!

"ஏன்டா, அம்மா தெனமும் தலைக்கா குளிக்கும்?" என்று கேட்டேன்.

அவனுக்குப் புரியவில்லை. கடைக்காரருக்கும் புரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு முகங்களிலும் அப்படியொரு வெறுமை. இவர்கள் காலையில் எழுந்ததும் தலையோடு தண்ணீரை ஊற்றிக்கொண்டு, துண்டால் நாலு தேய் தேய்த்துவிட்டுப் போகிறவர்கள். வீட்டுப் பெண்கள் செவ்வாயும் வெள்ளியும்தான் தலைக்குக் குளிப்பார்கள், மற்ற நாளெல்லாம் கொண்டையை முடிந்துகொண்டு மேலுக்கு ஊற்றிக்கொள்வார்கள் என்பது, அம்மாவோடும் அக்காவோடும் பெண்டாட்டியோடும் இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவன் கண்ணில் படவே இல்லை. உச்சந்தலையில் விழுகிற தண்ணீரை வைத்துக்கொண்டு மேலுக்கு எப்படிக் குளிப்பது?

"தள்ளி நின்னு குளிக்கச் சொல்லுக்கா" என்றான்.

"தள்ளி நின்னா தண்ணி தரையில விழும்டா. தரையா குளிக்கப்போவுது?"

கடைக்காரர் சிரித்தார். தம்பி மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு நான் சொல்வது நன்றாகப் புரிந்தது, புரிந்தும் வாயைத் திறக்கவில்லை. சரி, அம்மாவையே கேட்போம் என்று அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன். "தம்பி பாத்து எது செஞ்சாலும் சரிதான்" என்றாள் அம்மா. என் வாதம் அதோடு முடிந்தது. தட்டு ஷவர் பில் ஆனது.

அதற்கப்புறம் ஆபீசில் வேலை நெருக்கடி. நான் பூலாம்பாடி பக்கம் கொஞ்ச நாள் போக முடியவில்லை. போனில் கேட்கும்போதெல்லாம் அம்மா, "நல்லா இருக்கு பாப்பா, பளபளன்னு இருக்கு" என்பாள். குளிக்கிறாயா என்றால் "குளிக்காம?" என்பாள். நானும் நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினேன். கொல்லைப் பக்கம் பாத்ரூம் கதவு திறந்தது. அம்மா வெளியே வந்தாள். ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவர் ஒன்றைத் தலையில் கவிழ்த்து, அதன் இரண்டு பிடியையும் மோவாய்க்குக் கீழே இழுத்து முடிந்திருந்தாள். கவர் நெற்றியில் வழிந்து ஒரு கண்ணை மறைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை.

அம்மா மழுப்பினாள், நான் விடவில்லை. விஷயம் ஒவ்வொன்றாக வந்தது. ஷவர் வந்த அன்றோடு மருமகள் தண்ணீர் ஊற்றிவிடுவது நின்றுவிட்டது. அதுதான் ஷவர் இருக்கிறதே என்று வீட்டில் எல்லோருக்கும் நினைப்பு. டேங்க் பாத்ரூம் கூரைமேலேயே இருப்பதால் தண்ணீருக்கு வேகம் இல்லை, கடையில் கொட்டிய மாதிரி இங்கே கொட்டவில்லை. தட்டு முழுக்கச் சொட்டுச் சொட்டாக, நேராக உச்சியில் இறங்குகிறது. தினமும் தலை நனைந்தால் நரைமுடி காய்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தலைபாரமும் சளியுமாக இருந்திருக்கிறாள். எதிர்வீட்டுப் பெண் வேறு, "என்ன பெரியம்மா, நேத்தும் தல ஈரம், இன்னிக்கும் ஈரம். எங்கயாச்சும் துக்கமா?" என்று கேட்டுவிட்டாளாம். அதிலிருந்துதான் கவர்.

"ஏன்மா, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"அவன் ஆசையா போட்டிருக்கான். அதைப்போயி குத்தம் சொல்லுவாங்களா?"

அப்போதுதான் அவள் இடது முழங்கையைப் பார்த்தேன். தோல் உரிந்து, அதன்மேல் மஞ்சளைக் குழைத்துப் பூசியிருந்தாள். கவர் கண்ணை மறைத்ததில் கால் வழுக்கி, சுவரில் பொருத்தியிருந்த சோப்பு டப்பாவைப் பிடித்திருக்கிறாள். சோப்பு டப்பா பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. எப்படியோ சுவரில் சாய்ந்து தப்பித்துக்கொண்டாள். இன்னொரு கையும் போயிருந்தால்? அம்மா அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அந்த இடத்திலேயே தம்பியைக் கூப்பிட்டேன். என்ன திட்டினேன் என்று முழுதாக நினைவில்லை. சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பெண் கொல்லைவரைக்கும் வந்து எட்டிப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது. அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "லீவுல வரும்போது பாத்துக்கலாங்க்கா. அதுக்குள்ள டைல்ஸுல கைய வெச்சிடாத. ஒண்ணு உடைஞ்சாலும் அந்த டிசைன் இப்ப கெடைக்காது" என்றான்.

அம்மா விழுந்தால் வேறு அம்மா கிடைப்பாளாடா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொன்னேன். பெரம்பலூருக்குப் போய், போன தடவை போன கடையை ஏறெடுத்தும் பார்க்காமல் வேறு கடையில் ஏறினேன். ஓஸ் வைத்த ஹேண்ட் ஷவர், பக்கெட் குழாய்க்குப் பதிலாக மாட்ட இரண்டு வாய் உள்ள குழாய், சுவரில் பொருத்தும் கைப்பிடிக் கம்பி, வழுக்காத ரப்பர் கால் வைத்த ஸ்டூல், எல்லாம் வாங்கினேன். ஊரில் ஒரு பிளம்பரைப் பிடித்தேன். அவர் சாமான்களைப் பார்த்தார், டைல்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மலேசியாக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டீங்களாம்மா?"

"குளிக்கப்போறது அவரா?"

"இல்லம்மா, நாளைக்கு என்னையத்தான் கேப்பாரு."

"கேட்டா எம் பேரச் சொல்லுங்க. டிரில்ல போடுங்க."

அவர் சுவரில் உயரம் குறித்தபோது, இத்தனை நாள் வாயே திறக்காத தம்பி மனைவி சமையல்கட்டிலிருந்து வந்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "அண்ணி, அந்த ஷவர் மாட்டற கொக்கிய இன்னும் கொஞ்சம் கீழ வெக்கச் சொல்லுங்க. அத்தை உக்காந்துக்கிட்டு எடுக்கணும். வலது கை அதுக்குமேல தூக்காது" என்றாள். பிறகு மெதுவாக, "நானுமே அந்த ஷவர தொடறதில்லைங்க அண்ணி. பக்கெட்டுலதான் குளிக்கிறேன்" என்றாள். அவளைக் கட்டிக்கொள்வதா அறைவதா என்று எனக்குத் தெரியவில்லை. இதைக் கடையில் சொல்லியிருந்தால் என்ன?

கம்பிக்கு ஓட்டை போடும்போது ஒரு டைல்ஸ் விரிசல் விட்டது. குறுக்கே மெல்லிசாக ஒரு கோடு. பிளம்பர் பதறிப்போனார். எனக்குச் சொல்லக் கூடாத ஒரு திருப்தி.

வேலை முடிந்ததும் அம்மா உள்ளே போய்த் தாழ் போட்டாள். வெளியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஹேண்ட் ஷவரைக் கீழே வைத்துப் பிடிப்பதால் தண்ணீர் நன்றாகவே வந்தது. ரொம்ப நேரம் ஆயிற்று. தலை நனையாமல், கொண்டை கலையாமல், மஞ்சள் பூசிய முகத்தோடு வெளியே வந்தாள்.

"முதுவுல நல்லா தண்ணி பட்டு எத்தனை நாளாச்சு பாப்பா" என்றாள். கொடிக்குப் போய்த் துண்டை உலர்த்தினாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். கோயில் திருவிழாவுக்குத் தம்பி லீவில் வந்தான். விரிசல் விட்ட டைல்ஸைத் தடவிப் பார்த்தான். என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாயந்தரம் சித்தப்பா வீட்டு ஆட்கள் வந்தார்கள். வழக்கம்போல ஊர்வலம் பாத்ரூமுக்குப் போனது. சித்தி ஓஸைப் பார்த்துவிட்டு, "இது என்ன, இவ்வளவு அழகா கட்டிட்டு இதைத் தொங்க விட்டிருக்கீங்க?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"எம் புள்ள எனக்குன்னு பாத்துப் பாத்துப் போட்டுக் குடுத்தது. கை தூக்க முடியலன்னு உக்காந்தே குளிக்கிற மாதிரி செஞ்சிருக்கான்."

தம்பி மறுப்பான் என்று பார்த்தேன். ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு ஓஸைக் கையில் எடுத்து, "பெரியவங்க இருக்கற வூட்டுல இதெல்லாம் பாத்துத்தான் செய்யணும் சித்தப்பா" என்று விளக்க ஆரம்பித்தான். அங்கேயே நின்றால் அந்த ஓஸாலேயே அவனை விளாசியிருப்பேன். சமையல்கட்டுக்குள் போய், காபி டம்ளர்களை ஒவ்வொன்றாக டங் டங்கென்று வைத்தேன்.

அம்மா பின்னாலேயே வந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"கோவமா பாப்பா?"

"பின்ன? லீவு போட்டு அலைஞ்சது யாரு, அவனா? டைல்ஸு டைல்ஸுன்னு கத்துனவனுக்கு நீ பட்டம் கட்டுறியா?"

அம்மா சத்தம் வெளியே போகாமல் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீ நாளைக்கு பஸ் ஏறிடுவ. நான் இங்கதான இருக்கணும்? அக்கா போட்டதுன்னா, இந்த லீவுலயே அவன் கழட்டி வெச்சிட்டுப் போயிடுவான். அவனே போட்டதுன்னு ஊரு முன்னாடி சொல்லிட்டேன். இனிமே அதுல எவனும் கை வெக்க மாட்டான்."

சொல்லிவிட்டு மேல் அலமாரியிலிருந்த காபித் தட்டை எடுக்கப் போனாள். வலது கை எழும்பாததால் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஹாலில் தம்பி இன்னும் விளக்கிக்கொண்டிருந்தான். தன் முதுகில் தானே தண்ணீர் ஊற்றிக்கொள்ள என் அம்மா இவ்வளவு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.