வெள்ளானூரில் பாய்ந்த குண்டுவிமானம்

ரிமோட் விமானம் செய்து கொடுக்கும் தொழிலில் விமானத்தை மேலே ஏற்றுவது சுலபம். எங்கே இறக்குவது என்பதில்தான் உயிர் போகும். என்னைப் போலவே மரத்தூளைத் தின்று, பசையில் விரல் ஒட்டி, கல்யாண வீடுகளில் ‘பொம்மை செய்யறவரா?’ என்று விசாரிக்கப்பட்ட சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நீள மூக்கு

ஆவடியை ஒட்டிய சேக்காட்டில் என் பட்டறை. கூட்டாளி பாபு ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவன். ஒருநாள் செந்தில் என்பவர் வந்தார். தென்காசிக்காரர், ஐ.டி. வேலை, வெள்ளானூரில் ஃபிளாட். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் கடற்படை வைத்திருந்த ‘சுயிசெய்’ விமானம் வேண்டும் என்றார். வால்நட்சத்திரம் என்று அர்த்தமாம். கப்பலிலிருந்து கிளம்பி, உயரத்திலிருந்து செங்குத்தாகப் பாய்ந்து, குண்டைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பறக்கிற ரகம்.

முதலில் வந்த சுயிசெய்க்குத் தண்ணீரில் குளிரும் இன்ஜின், அதனால் ஒல்லியான நீள மூக்கு. பார்க்க அழகு, பராமரிக்கப் பெரும்பாடு. பிற்பாடு அதைக் கழற்றிவிட்டு, காற்றில் குளிரும் உருண்டை இன்ஜினை வைத்தார்கள். செந்திலுக்கு வேண்டியது அந்த நீள மூக்குதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின்களோடு மல்லாடியிருந்த பாபுவுக்கு, கதையைக் கேட்டதும் ஜப்பான்காரர்கள் மேல் பாசமே வந்துவிட்டது. “பாக்க ஷோக்கா கீற இன்ஜினு என்னிக்கு மாமே ஒயுங்கா ஓடிச்சி?”

நாகம்மா அக்காவின் நிபந்தனை

பறக்கவிட எங்களுக்கு மிச்சமிருப்பது வெள்ளானூரில் நாகம்மா அக்காவின் தரிசு நிலம் ஒன்றுதான். சுற்றிலும் மனை போட்டுவிட்டார்கள். அதுவும் போனால் என் தொழிலும் போயிற்று. பறந்து காட்டாத விமானத்தை யார் வாங்குவார்கள்? போலீஸ் அனுமதிகூட வாங்கிவிடலாம், அக்காவிடம் வாங்குவது அவ்வளவு லேசில்லை.

புருஷன் போன பிறகு நிலத்தையும் ராணி என்ற எருமையையும் தனியாளாகப் பார்த்துக்கொள்பவர். புது விமானம் தலைகீழாகப் பாயும் என்றதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “தோ பாரு நைனா, எங்க ராணி மேல ஒரு குச்சி வுயுந்துச்சின்னாகூட நீயும் உன் பிளேனும் இந்தப் பக்கமே வரக் கூடாது.”

வேவு வேலை

முதல் பாய்ச்சலிலேயே இறக்கை வெடவெடவென்று நடுங்கியது. எப்படியோ நிமிர்த்தி இறக்கினேன். உள்ளே குறுக்குச் சட்டத்தில் விரிசல். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தால், செந்தில் துள்ளிக் குதிக்கிறார்! அசல் சுயிசெய்யும் சோதனையில் இப்படித்தான் நடுங்கி விரிசல் விட்டதாம். அதனால் ஆரம்பத்தில் குண்டு போட அனுப்பாமல் வேவு பார்க்க அனுப்பினார்களாம். வாடிக்கையாளர் சிரிக்க நான் அழுதது அன்றைக்குத்தான்.

சட்டத்தை ஒட்டிக் காயவைத்திருந்தபோது ராணியைக் காணவில்லை. அக்கா அழுதுகொண்டே வந்து நின்றார். ஒட்டுப்போட்ட இறக்கை நேராகப் பறக்கத் தாங்கும் என்று துணிந்து, குண்டு வைக்கும் இடத்தில் கேமராவைக் கட்டி ஏற்றினோம். அடுக்குமாடிக்குத் தோண்டிய பள்ளத்தில் மழைத் தண்ணீர். அதில் கழுத்தளவு இறங்கி ஆனந்தமாக அசைபோட்டுக்கொண்டிருந்தாள் ராணி. திரையில் அவளைப் பார்த்ததும் அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டார். “குண்டு போட லாயக்கில்லாத பிளேனு, எரும தேடவாச்சும் ஒதவிச்சே!”

பூ போட்ட நாள்

சட்டத்தைப் பலப்படுத்தி முடித்த சமயம், ஊர் அம்மன் கோயிலில் கும்பாபிஷேகம். மேலேயிருந்து பூ போட முடியுமா என்று ஊரார் கேட்டார்கள். போரின் கடைசியில் சுயிசெய்களை ஆளோடு கொண்டுபோய்க் கப்பல்களில் மோதவிட்டார்கள் என்று செந்தில் சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. பூ என்றதும் சட்டென்று ஒப்புக்கொண்டேன். கோயிலுக்கு எதிரே கயிறு கட்டிக் காலியாக விட்ட திடல்தான் இலக்கு. மணல் பையைப் போட்டுப் போட்டு ஒத்திகை பார்த்தோம். ஒன்றுகூடக் குறி தப்பவில்லை.

அன்று வயிறு நிறைய சாமந்தி இதழோடு சுயிசெய் பாய்ந்தது. இறக்கை அசையவில்லை. கதவு திறந்தது, விமானம் நிமிர்ந்தது, ஊரே விசிலடித்தது. ஆனால் மணல் நேராக விழும், இதழ் விழுமா? காற்று அத்தனை பூவையும் அள்ளிக்கொண்டு போய், தூரத்து வரப்பில் ராணியைப் பிடித்துக்கொண்டு நின்ற நாகம்மா அக்கா தலையில் கொட்டியது. நிலம் போயிற்று என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். ராணி சாவகாசமாகப் பூவைத் தின்றுகொண்டிருந்தாள். அக்கா தலையைத் தட்டிவிடாமல் அப்படியே நின்றிருந்தார். “சாமிக்கு ஊரே பூ போடுது. என் தலைல பூ பட்டு எத்தினி வருசமாச்சி தெரிமா? வர ஞாயித்துக்கெயமையும் எத்துகினு வா, நைனா.”

குறி தப்பினால் பிழைப்பு போய்விடும் என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள். எனக்கோ தப்பியதால்தான் மைதானத்துக்கு அக்காவின் வாயாலேயே அழைப்பு வந்தது.