பெர்னதெத்தின் முன்னறை

லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவில் பெர்னதெத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் தங்கமான பொண்ணு என்பார்கள். வயது அறுபதை நெருங்குகிறது, இன்னும் பொண்ணு. எதிர்வீட்டுக்காரியான எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. தங்கம் தங்கம் என்று சொல்லித்தான் அவளை ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள். அவள் எப்படி எழுந்தாள் என்பதை நான் கண்ணால் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

அவள் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் செக்கராக இருந்தவள். தைத்து வரும் சட்டையில் நூல் தொங்கினால் அவள் கண்ணுக்குத் தப்பாது. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும் வேலையை விட்டாள். யார் விடுவது என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. தம்பி ஓஸ்வால்டுக்கு ஐ.டி. வேலை, அவன் மனைவி கேரல் டீச்சர். கல்யாணம் ஆகாதவளுக்கு என்ன வேலை, அது ஒரு வேலையா என்று நினைத்திருப்பார்கள். அம்மாவைத் தூக்கினாள், துடைத்தாள், ஊட்டினாள். வருடக்கணக்கில். ஓஸ்வால்ட் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆப்பிள் வாங்கிக்கொண்டு வருவான், அரைமணி நேரம் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுவான், போய்விடுவான்.

அம்மா போன பிறகு, முன்னறையில் அம்மா படுத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலை, வருடம் முடிந்து ஆண்டுப் பூசை வரும் வரைக்கும் யாரும் நகர்த்த வேண்டாம் என்றான். சரி, அது எங்கள் சனங்களின் வழக்கம்தான். ஆண்டுப் பூசையும் வந்தது. அன்றைக்குக் கேரல் ஒரு குழந்தை இயேசு சுரூபத்தைக் கொண்டுவந்து கட்டிலின் நடுவில் வைத்தாள். ஜெபம் சொல்ல வந்த சாமியார் தீர்த்தம் தெளித்தார். அவ்வளவுதான், கட்டிலும் ஆசீர்வாதம் பெற்ற, மந்திரித்த பொருளாகிவிட்டது என்று குடும்பமே முடிவு கட்டிவிட்டது. மந்திரித்த பொருளை எங்களில் யாரும் தூக்கிப் போட மாட்டோம். கை உடைந்த சுரூபத்தைக்கூடக் குப்பையில் போடப் பயந்து கோயில் வளாகத்து மாதா கெபிக்குப் பின்னால் வைத்துவிட்டு ஓடுகிறவர்கள் நாங்கள். ஆகக் குழந்தை இயேசு கட்டிலில், பெர்னதெத் சமையலறை ஓரத்தில் பாயில். அவள் முதுகு என்ன பாடு படுகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

வருடா வருடம் அம்மாவின் நினைவு நாளில் கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று ஜெபமாலை சொன்னார்கள், போட்டோ எடுத்தார்கள், பெர்னதெத் செய்த பிரியாணியைச் சாப்பிட்டுப் போனார்கள். போகும்போது எதையாவது விட்டுப் போவார்கள். ஓடாத ட்ரெட்மில், ரிப்பேரான வாஷிங் மெஷின், கல்யாண கேக் ஸ்டாண்ட், டி.வி. வந்த அட்டைப்பெட்டி. கொஞ்ச நாளைக்குத்தான் அக்கா என்பான் ஓஸ்வால்ட்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் சமையலறைச் சுவர் ஊறி அவள் பாய் நனைந்துவிட்டது. முன்னறையை எடுத்துக்கொள்கிறேன் என்று தம்பிக்குப் போன் செய்தாள். மம்மி இருந்த இடம் அப்படியே இருக்கட்டும் என்றான். அதே வாரம் கேரல் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தன் ஒயிட்ஃபீல்டு ஃப்ளாட்டின் படம் போட்டாள். காலியான ஹால், ஒரு செடி, ஒரு நாற்காலி. வேண்டாததை விட்டுவிட்டால் மனசு லேசாகிவிடுகிறது என்று கீழே எழுதியிருந்தாள். பெர்னதெத் போனை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து அதைக் காட்டினாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் நேராகச் சாமியாரிடம் போனாள், என்னையும் கூட்டிக்கொண்டு. கட்டில் மந்திரித்ததா இல்லையா என்று கேட்டாள். அவர் புதிதாக மாற்றலாகி வந்தவர், முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் சுரூபம் மந்திரித்தது, கட்டில் கட்டில்தான் என்றார். சுரூபத்தை அலமாரியில் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினால் போதும், கட்டிலை நோயாளி யாருக்காவது கொடுங்கள் என்றும் சொன்னார். பெர்னதெத்துக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

அடுத்த தெரு ஃபாத்திமாவின் புருஷன் இடுப்பு எலும்பு உடைந்து தரையில் கிடந்தார். கட்டில் அங்கே போனது. அம்மாவின் சேலைகள் முதியோர் இல்லத்துக்குப் போயின. அம்மாவுக்கு ஊட்டிய மூக்கு வைத்த டம்ளரைப் பழைய இரும்புக்காரரின் சாக்கில் அவளே போட்டாள். அதையாவது ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளேன் என்றேன்.

"அதப் பாத்தா எனக்கு மம்மி ஞாபகம் வரல ஐரின், முதுகுவலிதான் ஞாபகம் வருது," என்றாள்.

பிறகு முனியப்பனின் லக்கேஜ் ஆட்டோவைக் கூப்பிட்டு, தம்பி விட்டுப்போன அத்தனை சாமானையும் ஏற்றி ஒயிட்ஃபீல்டுக்கு அனுப்பினாள். ஃப்ளாட் வாசலில் செக்யூரிட்டி கூப்பிட்டுச் சொன்னதும் ஓஸ்வால்டிடமிருந்து போன் வந்தது. எதுக்கு அக்கா இப்படிக் கிரிக் பண்ணி வம்பு இழுக்கற, இங்க வைக்க எடமே இல்ல என்று கத்தினான். இங்கேயும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டாள். இறக்கிவிட்டு வந்த முனியப்பனுக்கு டீ கொடுத்து, கேரல் முகம் எப்படி இருந்தது என்று நான் இரண்டு தடவை சொல்ல வைத்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நினைவு நாள் வந்தது. சாமானுக்காக வந்த கோபம் ஆறாமலே தம்பியும் கேரலும் வந்தார்கள். ஆனால் கட்டில் போனது அவர்களுக்குத் தெரியாது. முன்னறையில் ஜன்னல் ஓரம் பெர்னதெத்தின் புதுக் கட்டில், அதன் மேல் பூப்போட்ட விரிப்பு. அலமாரியில் குழந்தை இயேசு. வேறொன்றும் இல்லை. ஓஸ்வால்ட் வாசற்படியிலேயே நின்றுவிட்டான்.

"மம்மி கட்டில் எங்க அக்கா?"

"ஃபாத்திமா வீட்ல. அவ புருஷன் படுத்திருக்காரு."

"யாரக் கேட்டுக் குடுத்த?"

"மம்மிய தெனம் தூக்கி உக்கார வெச்சப்ப நான் யாரக் கேட்டேன் ஓஸ்வால்ட்?"

கேரல்தான் சமாளித்துக்கொண்டு, அப்படியானால் ஜெபமாலையை எங்கே நின்று சொல்வது என்று கேட்டாள். பெர்னதெத் எழுந்து செருப்பை மாட்டினாள்.

"இது நான் தூங்கற ரூம். மம்மி கல்பள்ளி கல்லறையில இருக்காங்க. வாங்க, அங்க போய்ச் சொல்லலாம்."

அவர்கள் காரில் நானும் ஏறிக்கொண்டேன். கல்லறைத் தோட்டத்து வாசலில் பூ வாங்கினோம். உள்ளே நுழைந்ததும் ஓஸ்வால்ட் நின்றான். இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான். அடக்கத்தன்று வந்ததோடு சரி, அதற்குப் பிறகு அவன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. நினைவு நாள் எல்லாம் கட்டிலோடு முடிந்துபோயிருந்தது. எந்தப் பக்கம் அக்கா என்று மெதுவாகக் கேட்டான்.

"தேடு," என்றாள் பெர்னதெத்.

கையில் பூவோடு அவன் ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பெயர் படித்துக்கொண்டே போனான். கேரல் பின்னாலேயே போனாள். நாங்கள் இருவரும் வாசலருகே மர நிழலில் நின்றுகொண்டிருந்தோம். அவர்கள் தவறான வரிசையில் போகிறார்கள் என்று இருவருக்குமே தெரியும். அவள் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.