பின்பக்க லிஃப்ட் அழைக்கிறது

மணி அடித்ததும் லிஃப்ட் அக்கா வலது காதுத் தோட்டைக் கழற்றி மேஜைமேல் வைக்கிறார். இரண்டாவது மணிக்குள் ரிசீவர் காதில் இருக்கும். "சொல்லுங்க, எந்த மாடியில நிக்குது?" வணக்கமும் கிடையாது, கம்பெனி பெயரும் கிடையாது. இருட்டுப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டவனுக்கு வணக்கம் எதற்கு என்பது அவர் கட்சி.

லிஃப்ட் பழுது பார்க்கும் ஒரு சின்னக் கம்பெனியில் போனை எடுப்பவர் அவர். லிஃப்டுக்குள் இருக்கும் சிவப்புப் பொத்தானை யார் அமுக்கினாலும் அவரிடம்தான் வந்து சேரும். மெக்கானிக் போய்க் கதவைத் திறக்கும்வரை உள்ளே இருப்பவரைப் பேச்சாலேயே பிடித்து வைத்திருக்க வேண்டும். "உள்ள கண்ணாடி இருக்கா? அதைப் பாக்காதீங்க. கதவைப் பாத்து நில்லுங்க" என்பார் முதலில். ஏன் என்று கேட்டால், "தனியா இருக்கும்போது இன்னொரு ஆள் எதுக்கு?" என்று பதில் வரும். பிறகு, காலையில் என்ன சாப்பிட்டீர்கள், போட்டிருக்கும் செருப்பு என்ன நிறம் என்று வாயைக் கிளறுவார். ஒரு பெரிய அதிகாரி விசும்பி விசும்பி அழுதபோது பதினாறாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்க வைத்திருக்கிறார். அந்த அதிகாரி யாரென்று கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

இவ்வளவு லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனியின் அலுவலகம் இருப்பது இரண்டாவது மாடியில். அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் இல்லை. படியில் சறுக்கி விழுந்து அக்காவின் இடுப்பெலும்பு முறிந்தது. "லிஃப்ட் கம்பெனியில படிக்கட்டுல விழுந்தவ உலகத்துலயே நான் ஒருத்திதான் இருப்பேன்" என்று ஆபரேஷன் முடிந்த கையோடு சிரித்தார். இனிமேல் படியேறக் கூடாது என்றார் டாக்டர். முதலாளிக்கு அக்காவை விட மனமில்லை. "நீங்க ஆபீஸுக்கு வர வேண்டாம்கா. ஆபீஸை நான் அங்க அனுப்பிடறேன்."

ஆபீஸ் ஓர் அட்டைப்பெட்டியில் வந்தது. அதைச் சுமந்து வந்த, கம்பெனியின் போன் வேலைகளைப் பார்க்கும் போன்காரர் தொந்தியும் தானுமாக மூச்சிரைக்க உள்ளே நுழைந்தார். துணி தேய்க்கும் அறையைக் காலி செய்து ஒரு மேஜை போட்டிருந்தார்கள். வீட்டு இன்டர்நெட் பெட்டியிலிருந்து ஒரு வயரை இழுத்துப் புது போனில் செருகினார். அக்காவின் ஆபீஸ் நம்பரையும் பாஸ்வேர்டையும் அமுக்கினார். சின்னத் திரை விழித்துக்கொண்டது. கம்பெனியின் பழைய கணக்கில் இருந்த லிஃப்டுகளின் பெயர்களையெல்லாம் மொத்தமாக அதற்குள் ஏற்றிவிட்டிருந்தார். இனிமேல் எந்த லிஃப்டிலிருந்து அழைத்தாலும் அதன் பெயர் திரையில் வரும்.

"இனிமே உங்க வீடும் ஆபீஸும் ஒண்ணுதான்கா. நடுவுல இருக்கிற தூரமெல்லாம் இதுக்குத் தெரியாது" என்றார் போன்காரர், போனைத் தட்டிக்கொடுத்தபடி.

ஆபீஸில் பக்கத்து மேஜைச் சிரிப்பும் பஸ் இரைச்சலும் எப்போதும் இருக்கும். இங்கே லிஃப்டுக்குள்ளிருக்கும் மௌனம் அப்படியே காதில் வந்து இறங்கியது. "அங்க இருந்தவரைக்கும் அவங்க மாட்டிக்கிட்டிருக்காங்க, நான் வெளியில இருக்கேன்னு இருந்துச்சு. இந்த ரூமுக் கதவைச் சாத்திட்டா யார் உள்ள, யார் வெளியன்னே தெரியலீங்க" என்றார் கணவரிடம். "கதவைத் திறந்து வெச்சுக்கோ" என்றார் அவர், ஒரே வரியில்.

ஒரு நாள் மத்தியானம் திரையில் 'பழைய ஜவுளிக்கடை, பின்பக்க லிஃப்ட்' என்று வந்தது. அக்கா எடுத்தார். யாரும் பேசவில்லை. எங்கோ கீழே, ஆழத்தில், தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பயத்தில் வாயடைத்துப் போகிறவர்கள் உண்டு. "பரவாயில்ல, நீங்க பேச வேண்டாம். நான் பேசறேன்" என்று ஆரம்பித்தார். செருப்பு நிறம் கேட்டார். பதில் இல்லை. பேச்சுக்கு நடுவில் சமையலறையிலிருந்து தீய்ந்த வாடை வரவே, முகத்தைத் திருப்பி, "என்னங்க, பால் பொங்குது பாருங்க, அடுப்பை அணைங்க!" என்று ஒரு சத்தம் போட்டார்.

இன்னொரு கையில் செல்போனை எடுத்து மெக்கானிக்கை அழைத்தார்.

"அக்கா, அந்தக் கடையை இழுத்து மூடி எவ்வளவு காலமாச்சு! கரண்டே கிடையாது. லிஃப்ட்ல இருந்த போனை நான்தான் என் கையால கழட்டிட்டு வந்தேன். லைன்ல ஏதோ கோளாறு, வெச்சிடுங்க."

"வெக்க மாட்டேன். நீ போய்ப் பாரு."

அக்கா சொல்லி அவர் தட்டியதில்லை, முணுமுணுத்துக்கொண்டே போனார். அதுவரை அக்கா அந்த மௌனத்தோடு பேசிக்கொண்டிருந்தார். தொண்டை வறண்டது. ஒருவழியாக மெக்கானிக் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "லிஃப்ட் முதல் மாடியில நிக்குதுக்கா. உள்ள யாருமில்ல. போன் இருந்த இடத்துல கம்பிதான் தொங்குது."

"தண்ணி சொட்டற சத்தம் அடியிலேர்ந்து வருது. கீழ எட்டிப் பாரு."

தரைத்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. டார்ச் அடித்தபோது, கீழே குழிக்குள் தேங்கிய தண்ணீரில் அந்தக் கட்டிடத்தின் காவலாளி கால் முறிந்து கிடந்தார். முந்தின நாள் சாயங்காலம் இருட்டில் கால் வைத்து விழுந்தவர். உயிர் இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு போனார். கணவரும் மெக்கானிக்கும் கூட வந்தார்கள். "இப்ப எப்படி இருக்கு?" என்று அக்கா வாயைத் திறந்ததுதான் தாமதம், காவலாளி கட்டிலில் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"இந்தக் குரல்தாங்க! விடாம பேசிட்டே இருந்தீங்களே. நடுவுல யாரையோ பால் பொங்குது, அடுப்பை அணைங்கன்னு அதட்டினீங்க. அப்பதான் இன்னும் உயிரோட இருக்கோம்னு எனக்கே உறைச்சுது."

கணவர் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"உங்ககிட்ட போன் இருந்துச்சா?" என்று கேட்டார் அக்கா.

"அதை வீட்டுல மறந்துட்டு வந்துட்டேங்க."

"அப்ப ஏன் நான் கேட்டதுக்கெல்லாம் ஒரு பதிலும் சொல்லல?"

"எனக்கு வாய் எழும்பலீங்க. ஆனா பக்கத்துல இருந்தவரு சொல்லிட்டுதானே இருந்தாரு? செருப்பு நிறம் கேட்டீங்க. கறுப்புன்னாரே. உங்களுக்குக் கேக்கலையா?"

அக்கா மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலையை இல்லை என்று அசைத்தார். குழிக்குள் இறங்கித் தூக்கியவர் அவர்தான். வேறு யாரும் அங்கே இல்லை.

விஷயம் முதலாளி காதுக்குப் போனதும் போன்காரர் மறுபடி வீட்டுக்கு வந்தார். போன்மீது விரல் வைக்கவே அவருக்குக் கூசியது. "அது போனே இல்லாத லிஃப்டுக்கா. அந்த நம்பரைச் சிஸ்டத்துலேர்ந்தே அழிச்சிடறேன்" என்றார்.

"அழிச்சுத் தொலைங்க முதல்ல" என்றார் கணவர், அறைக்கு வெளியே நின்றபடியே.

"அழிக்காதீங்க" என்றார் அக்கா.

"ஏன்கா? அந்த ஆள்தான் பிழைச்சிட்டாரே?"

"அவரை வெளிய எடுத்துட்டோம். இன்னொருத்தரை எடுக்கலையே."

போன்காரர் அந்த நம்பரைத் தொடவில்லை. தன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

இப்போதும் சில மத்தியானங்களில் திரையில் அந்தப் பெயர் வருகிறது. கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார். அக்கா எடுக்கிறார். எந்த மாடி என்று கேட்பதில்லை. வயர் எட்டும் மட்டும் நாற்காலியை நகர்த்தி, ஜன்னலைத் திறந்து, ரிசீவரைத் தெருப்பக்கம் திருப்பிப் பிடிக்கிறார். சைக்கிள் மணியும் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தமும் உள்ளே வருகின்றன. கை கடுக்கும்போது மறு கைக்கு மாற்றிக்கொள்கிறார்.