ஆணியும் ஜாளியும்

எங்கள் வீட்டுச் சுவர் பெயர்ந்து விழுந்ததற்குக் காரணம் என் அம்மா அடித்த ஆணி என்று ஒருவர் சொன்னார். சொன்னவர் படித்தவர், இன்ஜினியர், அந்தக் கட்டடத்தைக் கட்டிய பில்டரின் ஆள். அவர் சொன்ன விதத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முழுச் சுவரும் விழவில்லை. அம்மாவின் அறையில், மேலே ஓடும் கான்கிரீட் பீமும் கீழே இருக்கும் செங்கல் சுவரும் சேர்கிற இடத்தில், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் சிமெண்ட் பூச்சு பிளந்து அம்மாவின் கட்டிலில் விழுந்தது. காலை நேரம். அம்மா எழுந்து பால் காய்ச்சப் போயிருந்தாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன், அங்கே பூகோளம் சொல்லிக்கொடுக்கிறேன். சத்தம் கேட்டு ஓடிப் போய்ப் பார்த்தால் அறை முழுக்க வெள்ளைத் தூசி. தலையணை மேல் கிடந்த கட்டியை இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் முன்னால் அந்தத் தலையணையில் அம்மாவின் தலை இருந்தது.

சுவரோடு சேர்ந்து அப்பாவின் படமும் கீழே வந்திருந்தது. கண்ணாடி நொறுங்கிவிட்டது. அம்மா கட்டிலைப் பார்க்கவில்லை, படத்தைத்தான் எடுத்தாள்.

அந்த ஆணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா இங்கே, மராத்தி பேசும் கிர்க்கியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த அம்மா அவரோடு வாடகை வீடு வாடகை வீடாக மாறி வாழ்ந்தாள். கிர்க்கி, ஏரவாடா, மறுபடி கிர்க்கி. எந்த வீட்டுக்குப் போனாலும் வீட்டுக்காரர் முதலில் சொல்வது ஒன்றுதான்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிடுவோம். ஏசு படம் பீரோ மேல் சாய்ந்து நிற்கும். கல்யாணப் போட்டோ டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும், யாராவது கேட்டால் எடுத்துக் காட்டுவோம். அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார், "சொந்த வீடுன்னா என்ன தெரியுமா? யாருட்டயும் கேக்காம ஆணி அடிக்கிற வீடு."

அந்த வீட்டைப் பார்க்காமலே அவர் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் நான் கடன் போட்டுக் கசார்வாடிப் பக்கம் புதிதாக எழுந்த இந்தக் கட்டடத்தில் வீடு வாங்கினேன். குடிவந்த அன்று போதகர் ஜெபம் பண்ணிவிட்டுப் படியிறங்கியதுதான் தாமதம், அம்மா முக்காலியைப் போட்டு ஏறிவிட்டாள். கையில் சுத்தியல், வாயில் ஆணி. நான் அடிக்கிறேன் என்றதற்கு, "நீ தள்ளு" என்றாள். அப்பாவின் படத்தை மாட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்துவிட்டு, சாய்ந்திருக்கிறதென்று மறுபடி ஏறி நேராக்கினாள். அம்மா தன் வாழ்நாளில் அடித்த முதல் ஆணி அது.

சுவர் விழுந்த செய்தி கேட்டு இன்ஜினியர் வந்தார். முப்பது வயதிருக்கும். சட்டைப் பையில் பேனா, கையில் பெரிய போன். அறைக்குள் வந்து மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை. சுவரில் மிச்சமிருந்த ஆணியைக் கண்டதும் அவர் முகம் தெளிந்துவிட்டது.

"கீல் கிஸ்னே டோக்கி?" என்று கேட்டார். ஆணி அடித்தது யார் என்று கேட்கிறார். கொலை நடந்த இடத்தில் கத்தியைக் கண்டெடுத்த போலீஸ்காரர் இப்படித்தான் கேட்பார் போல.

"மைனே, பேட்டா," என்றாள் அம்மா. நான்தான் தம்பி.

அவ்வளவுதான். அவர் ஆணியைப் படம் எடுத்தார். பக்கத்திலிருந்து ஒன்று, நேராக ஒன்று. பிறகு என்னைப் பார்த்து, மேடம், இந்த மாதிரிச் சுவரில் சுத்தியலால் அடித்தால் அதிர்வில் மேலே விரிசல் விடத்தான் செய்யும், இது கம்பெனியின் பொறுப்பில் வராது என்றார். அம்மாவைப் பார்த்து, பாவம் பார்க்கிற குரலில், "ஆன்ட்டி, இனிமேல் அடிக்காதீர்கள்" என்றும் சொன்னார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். கட்டிலில் கிடப்பது யாருடைய சிமெண்ட், குற்றவாளி யார் பாருங்கள்.

எனக்கு அப்போதே பதில் வாய் வரை வந்தது. ஆனால் அம்மா அதை நம்பிவிட்டாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் போன பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அந்த மனுசன் போட்டோவ மாட்டப் போயி வீட்டையே ஒடைச்சிட்டேனேட்டி" என்றாள்.

"ஒரு ஆணிக்கு வீடு உடையுமாம்மா?"

"படிச்சவங்க வந்து பாத்துட்டுல்லா சொல்லுதாவ."

அப்பாவின் படத்தைச் சேலையில் சுற்றி பீரோவுக்குள் வைத்தாள். கட்டிலை ஹாலுக்கு மாற்றினோம். அன்றிலிருந்து அம்மாவின் நடையே மாறிவிட்டது. கதவைச் சாத்தும்போது இன்னொரு கையை முட்டுக் கொடுத்துச் சத்தம் வராமல் சாத்துவாள். மிளகு இடிக்கிற உரலைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள். "ஏட்டி, ஜன்னல் கொக்கி இறுகலா இருக்கு, கொஞ்சம் தட்டலாமா?" என்று என்னிடம் கேட்டாள். என் அம்மா என்னிடம் உத்தரவு கேட்கிறாள். சொந்த வீட்டுக்குள் அவள் மறுபடியும் வாடகைக்குக் குடிவந்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்து அந்த அறையில் நின்று சுவரை நன்றாகப் பார்த்தேன். கோபத்தோடு பார்த்தால் சில சமயம் கண் நன்றாகத் தெரிகிறது. ஆணி இருந்த இடத்தைச் சுற்றி ஒரு கீறல்கூட இல்லை. விரிசலோ அதற்கு ஒரு கை நீளம் மேலே, பீமின் அடி ஓரமாக, அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக ஓடியிருந்தது. ஹாலுக்கு வந்து பார்த்தேன், அங்கேயும் பீம் ஓரத்தில் மயிரிழையாக ஒரு கோடு. சமையலறையிலும் இருந்தது. அங்கெல்லாம் எந்த ஆணியும் இல்லை.

அப்போதுதான் கண்ணாடிப் பெட்டி ஞாபகம் வந்தது.

வீடு பார்க்கப் போன காலத்தில் பில்டரின் விற்பனை அலுவலகத்தில் ஒரு சுவரை வெட்டிக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். கண்ணாடிக்குள்ளே விளக்கெல்லாம் போட்டு, கல், கான்கிரீட், பூச்சு என்று ஒவ்வொரு அடுக்கும் தெரியும்படி. கல்லும் கான்கிரீட்டும் சேர்கிற இடத்தில், இரண்டையும் பிடித்துக்கொண்டு பளபளவென்று ஓர் இரும்பு வலைப் பட்டை. தகட்டைக் கீறி இழுத்து, கண் கண்ணாக விரித்தது. அம்மாதான் அது என்ன என்று கேட்டாள்.

"ஜாலி, ஆன்ட்டி," என்றாள் விளக்கம் சொன்ன பெண்.

"சுவத்துக்குள்ள என்னட்டி ஜாலி?" என்று அம்மா என் காதில் கேட்டுவிட்டுச் சிரித்தாள். வீடு திரும்புகிற வரைக்கும் ஆட்டோவில் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தப் பெண் நல்லபடியாகத்தான் விளக்கியிருந்தாள். வெயிலிலும் குளிரிலும் கான்கிரீட் ஒரு மாதிரி விரிந்து சுருங்கும், கல் வேறு மாதிரி. இரண்டும் சேரும் இடத்தில் மேலே வெறும் பூச்சு மட்டும் இருந்தால் வெடிக்கும். இந்த வலையை இரண்டின் மேலும் படும்படி அடித்துவிட்டுப் பூசினால் அது பிடித்துக்கொள்ளும். எங்கள் எல்லாக் கட்டடத்திலும் இதைப் போடுகிறோம், ஆன்ட்டி.

இன்ஜினியருக்குப் போன் போட்டேன். என் வீட்டுப் பீம் ஓரத்தில் அந்த வலை போட்டிருக்கிறதா என்று கேட்டேன். "ஜாலி ஹை மேடம். பக்கா ஜாலி ஹை," என்றார். இருக்கிறது, உறுதியாக இருக்கிறது என்கிறார்.

மராத்தியில் அந்த வலை ஜாளி. ஹிந்தியில் ஜாலி. ஆனால் ஹிந்தியில் ஜாலி என்றால் போலி என்றும் அர்த்தம் உண்டு. கள்ள நோட்டை ஜாலி நோட்டு என்பார்கள். தமிழில் என்ன அர்த்தம் என்பதைச் சொல்ல வேண்டாம். அவர் எந்த அர்த்தத்தில் சொன்னாரோ, பக்கா என்று அழுத்திச் சொன்னார்.

மேல் மாடியிலிருக்கும் சொசைட்டி சேர்மனிடம், அதாவது குடியிருப்போர் சங்கத் தலைவரிடம் போனேன். அவர் வீட்டு ஹாலிலும் அதே கோடு இருந்தது, அதைப் பட்டி வைத்து அடைத்து மேலே பெயிண்ட் அடித்திருந்தார். டீ கொடுத்து, குரலைத் தாழ்த்தி, "மேடம், இதை வெளியே பேசாதீர்கள். கட்டடத்தின் ரேட் இறங்கிவிடும்" என்றார். என் அம்மா தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று இருக்க, இவருக்கு ரேட் கவலை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று ஒரு கட்டடமே சேர்ந்து முடிவு செய்திருக்கிறது. டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

சனிக்கிழமை, காய்கறி வாங்கும் பையில் அந்தப் பூச்சுக் கட்டியைப் போட்டுக்கொண்டு விற்பனை அலுவலகத்துக்குப் போனேன். தலையணை மேல் கிடந்த அதே கட்டி. பஸ்ஸில் ஒருவர் இடம் கொடுத்து, பையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். இப்போது வேறொரு கட்டடத்தை விற்றுக்கொண்டிருந்தார்கள், ஆனால் கண்ணாடிப் பெட்டி அதேதான். அதன் முன்னால் ஓர் இளம் தம்பதி, அவர்களோடு வயதான ஓர் அம்மாள். அதே பெண் அதே விளக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் கட்டியை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தேன். மணல் கொட்டியது.

"இதுவும் உங்கள் சுவர்தான். என் அம்மாவின் தலையணையில் விழுந்தது. இதில் ஜாலி எங்கே இருக்கிறது, கொஞ்சம் காட்டுங்கள்," என்று ஹிந்தியில் கேட்டேன். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல் எனக்கு. அன்று அது நன்றாக உதவியது.

மேனேஜர் ஓடி வந்தார். உள்ளே ஏசி அறையில் உட்கார்ந்து பேசலாம் என்றார். இங்கேயே பேசலாம், கண்ணாடிப் பெட்டி இங்கேதானே இருக்கிறது என்றேன். அந்த வயதான அம்மாள் வந்து கட்டியை விரலால் தடவிப் பார்த்தாள், பிறகு மருமகளின் கையைப் பிடித்தாள். திங்கட்கிழமை ஆள் அனுப்பி உங்கள் சுவரைத் திறந்து பார்க்கிறோம் என்று மேனேஜர் எல்லோர் முன்னிலையிலும் சொன்ன பிறகுதான் கட்டியைப் பைக்குள் போட்டேன்.

திங்கட்கிழமை நான் லீவு போட்டேன். உளி சுத்தியலோடு இரண்டு பேர் வந்தார்கள், அதே இன்ஜினியரும் வந்தார். பீம் ஓரமாகக் கொத்திக்கொண்டே போனார்கள். கல் வந்தது, கான்கிரீட் வந்தது, நடுவில் ஒன்றுமே இல்லை. அம்மா வாசற்படியில் நின்று ஒவ்வோர் அடிக்கும் முகத்தைச் சுளித்தாள்.

கதவு மூலைக்கு வந்ததும் இன்ஜினியர், "தேகோ மேடம், ஜாலி!" என்று கூவினார். பாருங்கள் என்று காட்டினார். உண்மையிலேயே அங்கே இரும்பு வலை எட்டிப் பார்த்தது. நான் முக்காலியில் ஏறி அதைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. உள்ளங்கை அகலத் துண்டு. பூசும்போது சோதிக்க வருபவர் கதவோரமாக நின்று பார்ப்பார், அவர் கண்ணில் படுகிற இடத்தில் அதைச் செருகியிருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்று, கதவு மூலையில் ஒன்று. காட்டுவதற்கு மட்டும்தான் ஜாளி, தாங்குவதற்கு இல்லை. துண்டை இன்ஜினியரின் கையில் வைத்தேன்.

இன்ஜினியர் பூசியவர்களைக் குறை சொன்னார். பிறகு, "சாரி மேடம்" என்றார்.

"எனக்கு எதற்கு? ஆணி அடித்தது நானா?" என்று கேட்டேன்.

அவர் அம்மாவின் பக்கம் திரும்பவில்லை. போனில் ஏதோ தேடினார்.

நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ள, பீம் ஓரம் முழுக்க வலை அடித்தார்கள். மூன்று அறைகளிலும் அடித்தார்கள். பாதி கான்கிரீட்டில், பாதி கல்லில் இருக்கும்படி, வாஷர் வைத்து ஆணி அடித்து, அதன் மேல் பூசினார்கள். கவனியுங்கள், அந்த வலையை நிறுத்துவதற்கே ஆணிதான் அடிக்க வேண்டும். அம்மாவின் ஒற்றை ஆணிக்குக் கட்டடம் ஆடிப் போகும் என்று சொன்னவர், பக்கத்தில் நின்று வரிசையாக ஆணி அடிப்பதை வேடிக்கை பார்த்தார். மேல் மாடி சேர்மன் படியிறங்கி வந்து, அவர் வீட்டுக்கும் போடுவார்களா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். சத்தம் போட்டால் போடுவார்கள் என்றேன்.

பூச்சு காய்ந்து பெயிண்ட் அடித்து முடிந்ததும், வேலை முடிந்தது என்று படம் எடுத்துக்கொள்ள இன்ஜினியர் கடைசியாக ஒருமுறை வந்தார். படம் எடுத்துவிட்டுக் கிளம்பும்போது, அம்மா பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டது. அப்பாவின் படத்தோடு வந்தாள், புதிதாகக் கண்ணாடி போட்டது. மறு கையில் சுத்தியலும் ஆணியும். அவற்றை அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே அடிச்சுத் தாங்க தம்பி. நாளைக்கி விழுந்தா உங்க ஆணின்னு இருக்கட்டும்."

அம்மா தமிழில்தான் சொன்னாள். நான் ஹிந்தியில் அட்சரம் பிசகாமல் சொன்னேன். அவர் சிரிக்கப் பார்த்தார், அம்மா சிரிக்கவில்லை. ட்ரில் மெஷின் அனுப்பி வைக்கிறேன் என்றார்.

"நான் சுத்தியலாலத்தான் அடிச்சேன்," என்றாள் அம்மா, அவளே ஹிந்தியில்.

வேறு வழியில்லாமல் முக்காலியில் ஏறினார். ஆணியைச் சுவரில் வைத்து, முட்டையைத் தட்டுகிற மாதிரி மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். தட்டிவிட்டு அவர் ஆணியைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து பீம் ஓரத்தைப் பார்த்தார். இன்னொரு தட்டு, மறுபடியும் அண்ணாந்து பார்த்தார்.

"மேல என்னத்தப் பாக்கிய தம்பி?" என்றாள் அம்மா. "அதான் இப்ப ஜாளி இருக்குல்லா?"

இதை நான் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. ஜாளி என்ற ஒரு சொல்லே அவருக்குப் போதுமாக இருந்தது.