உப்பு மாத்திரை

ஏழுமலையின் வலது கை விழுந்ததற்கு நான்தான் காரணம். இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலை. அதன் முதலுதவி அறையில் நான் நர்ஸ். வேலைக்கு வருகிறவர்களின் எடை, பார்வை, இரத்த அழுத்தம் ஆகியவற்றை வரிசையாகப் பார்த்து எழுதுவது என் பொறுப்பு. நான் எழுதியதன் கீழ் டாக்டர் கையெழுத்திடுவார். வரிசை தவறாதவள் என்று எனக்கு நல்ல பெயர்.

ஏழுமலை ஆரணி ஆற்றங்கரைக் குப்பத்திலிருந்து வந்தவர். முகத்துவாரத்துத் தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பிழைத்தவர். அந்த வருடம் ஆற்றில் இறால் இல்லை. மனைவி கன்னியம்மாள் நிறைமாதமாக வாசலில் காத்திருந்தாள்.

இரத்த அழுத்தம் பார்த்தேன். பாதரசம் ஏறியது... ஏறிக்கொண்டே போனது! உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மறுபடி பார்த்தேன். இறங்கவில்லை.

"நல்லாத்தான கீறேன் நர்ஸம்மா? ஒரு தலவலி கூட வந்ததில்ல" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே கன்னியம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் குறைத்து எழுதினேன். பெரியாஸ்பத்திரிக்குப் போய் மருந்து வாங்கச் சொன்னேன். அவர் போகவில்லை.

இத்துடன் நிறுத்தினால் நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள். ஆகவே நிறுத்தப் போவதில்லை.

அவரை உலை வேலையில் போட்டார்கள். அங்கே வேர்த்து மயங்கி விழாமலிருக்க, ஷிப்ட் தொடங்கும்போது எல்லோருக்கும் உப்பு மாத்திரை கொடுப்பது ஆலை வழக்கம். என் கண்ணெதிரே விழுங்க வேண்டும். மேஸ்திரி பக்கத்தில் நிற்பார். அழுத்தம் மிகுந்தவருக்கு உப்பு ஆகாது. எனக்குத் தெரியாதா? பரீட்சையில் எழுதித் தேறியவள் நான்!

ஏழுமலை கையை நீட்டினார்.

"இன்னா நர்ஸம்மா, எங்க ஊட்டுக் கருவாட்டுக் கொழம்புல உப்பு பத்தலன்னு யார்னா சொன்னாங்களா?"

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

'இவருக்கு வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் போதும். மேஸ்திரி காரணம் கேட்பார், என் பொய் வெளிப்படும், அவர் வேலை போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் வேலையா... என் வேலையா? எதற்குப் பயந்தேன்? குறைத்து எழுதியதை இரக்கம் எனலாம். மாத்திரை வைத்ததை என்னவென்று சொல்வது? அந்தக் கோடை முழுவதும் அவர் உள்ளங்கையில் அதை வைத்தது இந்தக் கைதான்.

ஒரு காலை உலையருகே சரிந்தார். வாய் கோணிவிட்டது, வலது பக்கம் அசையவில்லை. "வெக்கை தாங்கல" என்றார்கள். நானும் தலையசைத்தேன்.

இப்போது விடுமுறை நாட்களில் அந்தக் குப்பத்துக்குப் போகிறேன். இடது கையை அவரே நீட்டுகிறார். பாதரசம் ஏறுவதைப் பார்த்து அவர் மகள் கைதட்டுகிறாள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் எதுவும் கூடாது, சமையலில் உப்பே வேண்டாம் என்று கன்னியம்மாளிடம் சொல்லியிருக்கிறேன். அவளும் அப்படியே செய்கிறாள்.

சென்ற முறை, சாப்பிடாமல் போகக்கூடாது என்று பிடிவாதமாக உட்கார வைத்தாள். மீன் குழம்பு. ஏழுமலை ஒரு வாய் வைத்துவிட்டுக் குழறிச் சிரித்தார்.

"இதுக்கு... ஆத்து உப்புத் தண்ணிய ஊத்தித் துன்னலாம்."

"சும்மா துன்னுய்யா. நர்ஸம்மா அன்னிக்கு வேல வாங்கிக் குடுக்கலன்னா நம்ம கதி இன்னா ஆயிருக்கும்?"

இன்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்... அதற்குள் அவள் எழுந்துபோய், ஒரு சிட்டிகை உப்பு எடுத்துவந்து என் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"நீங்க இன்னா பாவம் செஞ்சீங்க, உப்பில்லாம சாப்பிட?"

நான் அந்த உப்பைப் பிசைந்து சாப்பிட்டேன்.